கிறேஸ் அக்கா திருப்பிக் கொடுத்த சப்பாத்து

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம்: "இது அவட சப்பாத்து இல்ல."

கிறேஸ் அக்காவின் சவப்பெட்டியை மூடுவதற்குச் சற்று முன் அவருடைய தங்கை மேர்சி அக்கா என் பக்கம் திரும்பினார். "நீதானே அவவோட ஓடுற பிள்ள. இந்தச் சப்பாத்து அவவுக்குச் சரிதானே, ஆரணி?" என்று கேட்டார். பெட்டிக்குள் வெள்ளைச் சேலைக்குக் கீழே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து பளிச்சென்று தெரிந்தது. எங்கள் ஓட்டக் கழகத்தின் அன்பளிப்பு அது. உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு நாள் காலில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாளே கடதாசிப் பெட்டியோடு அவர் திருப்பிக் கொடுத்த சப்பாத்து. கழகத் தலைவர் அதைத் தன் கையாலேயே மரணவீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். நான் மேர்சி அக்காவுக்குத் தலையை ஆட்டினேன்.

செய்தி அதற்கு முதல்நாள் காலை எட்டரை மணிக்கு அலுவலகத்துக்கு வந்தது. தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனவர் அங்கேயே விழுந்துவிட்டார். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள். நாற்பத்துநான்கு வயது. கழகத்தின் வட்ஸ்அப் குழுவில் பத்து மணிக்குள் கூப்பிய கைகள் வரிசையாக நிறைந்துவிட்டன. அந்தக் கைகளில் பாதி, நான்கு மாதமாக அவரை வீதியில் கண்டவுடன் கைபேசியை எடுத்துப் பார்த்த கைகள். எது யாருடையது என்று எனக்குத் தெரியும். நான் கழகத்தின் செயலாளர். என்னுடைய கைகளும் அதில் இருந்தன.

கழகத்தின் அஞ்சலி மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் அதில் கிறேஸ் அக்காவும் இல்லை. அவரை அறிந்தவர்களுக்காக மற்றப் பக்கத்தை இப்போது எழுதுகிறேன்.

நில அளவை அலுவலகத்தில் அவர் படவரைஞர். நான் இரண்டு மேசை தள்ளிக் கோப்புகளோடு இருப்பவள். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம், நடைக்கூடத்தில் எனக்குப் பின்னால் நடந்து வந்தவர், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஆரணி, உன்ட இடது செருப்பு உனக்குப் பயந்து வெளியால ஓடப் பார்க்குது. குனிஞ்சு பாரு." குனிந்து பார்த்தேன். செருப்பின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, கடதாசி போல மெலிந்திருந்தது. என்னைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய், காலை நனைத்துச் சீமெந்துத் தரையில் வைக்கச் சொன்னார். இடையில் ஒரு வெற்றிடமும் இல்லாமல் முழுப் பாதமும் பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் தன்னுடைய ஈரக் காலையும் வைத்துக் காட்டினார். அதுவும் அப்படியே.

"வளைவு எண்டு ஒரு சாமான் ரெண்டு பேருக்கும் இல்ல. நீயும் என்ட கட்சிதான்," என்றார். "நிக்கேக்க கால் உள்ளுக்கு விழும். ஓடேக்க இன்னும் விழும். முழங்கால் அதுக்குப் பின்னால இழுபட்டுப் போகும். அதால ஓடக்கூடாது எண்டு இல்ல. கண்ட கண்ட சப்பாத்தோட ஓடக்கூடாது."

நல்ல மனுஷி என்று மரணவீட்டில் பலர் சொன்னார்கள். சொன்னவர்களுக்கு அவரைத் தெரியாது. அவர் நல்லவர் என்றால் அது இனிமையால் அல்ல. அடுத்தவர் வரைந்த படத்தில் பிழை கண்டால், வரைந்தவரைக் கூப்பிட்டுப் பிழையை அவர் வாயாலேயே சொல்ல வைப்பார். ஒருவருடைய பிறந்தநாளுக்கு வெட்டிய கேக்கைச் சாப்பிட்டு, "மாவு பழசு" என்று சொன்னவர். அவருக்குக் கூட்டாளிகள் குறைவு. அதற்கு அவரே உழைத்திருந்தார். ஆனால் தனக்கு ஒரு அளவும் பிறருக்கு ஒரு அளவும் அவர் வைத்திருக்கவில்லை. அவருடைய மேசை லாச்சியில் பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்று நூலோடு கிடந்தது. யாருடைய கால் எவ்வளவு சாய்கிறது என்று அதைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். தன் காலைப் பார்க்க மட்டும் அவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டது. அந்த வேலைக்குத்தான் என்னைப் பிடித்தார்.

எனக்குச் சப்பாத்து வாங்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் காத்தான்குடிக்குப் போனோம். பின்னேரம்தான் போக வேண்டும், நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரம் அளந்தால்தான் ஓடும்போது இறுக்காது என்பது அவருடைய சட்டம். ஓடும்போது போடுகிற அதே காலுறையையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கடைக்கார நானா எங்களைக் கண்டதும் மேல்தட்டிலிருந்து ஊதாவும் பச்சையுமாக ஒன்றை இறக்கினார்.

"மிஸ், புது மொடல். ஒரிஜினல். கால வெச்சிப் பாருங்க, பஞ்சு மாதிரி இரிக்கி."

"பஞ்சு மாதிரி இருந்தா தலைக்கு வைக்கலாம் நானா," என்று கிறேஸ் அக்கா அதை வாங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் பிடித்து முறுக்கினார். தோய்த்த துணி போல அது சுருண்டது. "பார்த்தீங்களா? இது சப்பாத்து இல்ல, சாரன். பிழிஞ்சு கொடியில போடுங்க."

நானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒங்களுக்குச் சாமான் வித்த நாள் எனக்கு நோம்புப் பெருநாள்தான் மிஸ். நீங்களே உள்ளுக்கு வந்து பாருங்க."

அரை மணித்தியாலம் தேடினார். பின்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்குவார். குதிக்காலைப் பிடிக்கிற இடம் உள்ளே போனால் அந்தச் சோடி தள்ளி வைக்கப்படும். மடித்துப் பார்ப்பார், விரல்கள் மடங்குகிற இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் அதுவும் தள்ளி வைக்கப்படும். கடைசியில், ஒருவரும் வாங்காமல் தூசு பிடித்துக் கிடந்த சாம்பல் நிறச் சோடி ஒன்றை எடுத்தார். அடியின் உட்பக்கத்தில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு துண்டு இருந்தது. நகத்தால் குத்தினேன், மற்ற இடம் பதிந்தது, அந்த இடம் பதியவில்லை.

"இதுதான் உன்ட காலுக்கு முட்டுக்கால். விழப்போற பக்கத்துக்குத்தானே மரம் முட்டுக் கொடுக்கிறது?"

நான் அதைப் போட்டுக்கொண்டு கடைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணாடியில என்ன பார்க்கிறாய்? சப்பாத்து வடிவா இருக்கா எண்டா? வீதிக்கு வா, ஓடு. நான் பின்னுக்கு நிண்டு பார்க்கிறன். கால் சரியா விழுகுதா எண்டு பின்னுக்கு நிக்கிற ஆள்தான் சொல்லோணும். முன்னுக்கு நிக்கிற ஆள் சிரிப்பான், அவ்வளவுதான்."

காத்தான்குடிப் பிரதான வீதியில், முச்சக்கர வண்டிக்காரர்கள் பார்க்க, நான் நூறு அடி ஓடித் திரும்பினேன். "சரி," என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. அவரும் அதே வகையில் தன் அளவை வாங்கினார். எங்கள் அளவு ஒன்றுதான் என்பது பெட்டிகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பழைய பாலம் வரைக்கும் போய்த் திரும்புவது கழகத்தின் காலை ஓட்டம். கழகத்தில் வேகமான பெண் கிறேஸ் அக்கா; அதற்கடுத்தது நான், ஆனால் நெடுந்தூரம் அடுத்தது. அவரைவிட வேகமாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பாதி வழியில் வாவிக் காற்று வாங்க நின்று, படம் எடுத்து, திரும்பி வந்து இடியப்பம் சாப்பிட்டு, ஓடிய களைப்பைப் பற்றி நாள் முழுக்கக் கதைப்பவர்கள். தலைவர் அவர்களில் முதல்வர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருக்க ஒரு முயற்சி வேண்டும்.

தலைவரின் மருமகன் சுவிஸில் இருக்கிறார். ஊர்ப் பாலம் கடக்கும் பத்துக் கிலோமீற்றர் அஞ்சலோட்டத்துக்கு எங்கள் அணி போகப்போகிறது என்று கேள்விப்பட்டு, எல்லாருக்கும் சப்பாத்து அனுப்புவதாகச் சொன்னார். அளவு எடுக்க நாங்கள் மண்டபத்தில் கதிரைகளில் வரிசையாக இருந்தோம். ஆளுக்கொரு வெள்ளைக் கடதாசி. ஊரில் வெளிநாட்டுக்கு அளவு அனுப்புகிற முறை அதுதானே: கடதாசியில் காலை வைத்து, குனிந்து, பேனையால் சுற்றிக் கோடு போடுவது. கிறேஸ் அக்கா தன் கடதாசியைக் கீழே போட்டுவிட்டு எழும்பினார்.

"தலைவர், குந்திக்கொண்டு வரைஞ்ச கால் ஓடப்போறல்ல. எழும்பி நிண்டா என்ட கால் அரை அங்குலம் நீளும், அகலும். ஒராள் நிக்க இன்னொராள் வரையுங்க."

"அதுக்கு ஒருத்தர்ட காலடியில ஒருத்தர் விழோணுமே பிள்ள," என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது. அடுத்தவரின் காலடியில் குனிவதற்கு அங்கே யாருக்கும் மனம் இல்லை. இருந்தபடியே வரைந்த கடதாசிகள் சுவிஸுக்குப் போயின.

வந்த பன்னிரண்டு சோடிகளும் ஒரே வகை. செம்மஞ்சள். அடி இரண்டு விரல் தடிப்பு, அமுக்கினால் மாம்பழம் போல உள்ளே போகும். நேரான கால் உள்ளவருக்கு அது நல்ல சப்பாத்தாகவே இருக்கலாம். எங்கள் கழகத்தில் எத்தனை பேரின் கால் நேரானது என்று யாரும் பார்க்கவில்லை. நிறம் எல்லாருக்கும் பிடித்திருந்தது.

கிறேஸ் அக்கா பார்க்காமல் தள்ளவில்லை. அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த நாள் காலை அதைப் போட்டுக்கொண்டு என்னை வரச் சொன்னார். இரண்டு குதிக்காலின் பின்னாலும், நரம்பு மேலே ஏறுகிற இடத்தில், பேனையால் நேராக ஒரு கோடு போட வைத்தார். பிறகு எனக்கு முன்னால் ஓடினார். நான் பின்னால் பார்த்துக்கொண்டு போனேன். சாம்பல் சப்பாத்தில் அந்தக் கோடு கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். செம்மஞ்சளில் ஒவ்வொரு அடிக்கும் அது சேற்றில் நட்ட வேலிக்கட்டை போல உட்பக்கம் சாய்ந்தது. பாலத்தடியில் நின்றார்.

"சொல்லு."

"உள்ளுக்கு விழுகுது அக்கா. நல்லா விழுகுது. இடது கூட."

"எனக்கும் முழங்காலில தெரியுது. நான் சொன்னா வாய்க்காரி எண்டுவாங்க. நாளைக்குக் கூட்டத்தில நீ கண்டதச் சொல்லு. நீ செயலாளர், நீ சொன்னாக் கேப்பாங்க. மறுகா நான் என்ட சப்பாத்தோட அணியில ஓடுறன். வேற ஒண்டும் வேணாம்."

அவ்வளவுதான் அவர் கேட்டது. அந்த அஞ்சலோட்டத்தில் ஓட அவர் எட்டு மாதம் பயிற்சி எடுத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு போட்டி.

கூட்டத்தில் அவர் செம்மஞ்சள் பெட்டியை மேசையில் வைத்தார். "இது என்ட காலுக்குச் சரிவரா. அனுப்பினவருக்கு நன்றி. ஆரணி பின்னுக்கு நிண்டு பார்த்தவ," என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவரின் மனைவி, "வெளிநாட்டில இருக்கிற பிள்ள ஆசையா அனுப்பினத இப்பிடி மூஞ்சியில எறியிறதா?" என்று கேட்டார். இன்னொருவர், "கிறேஸ் மிஸ்ஸுக்குக் காலிலயும் கர்வம்," என்றார். அதற்கும் சிரித்தார்கள். தலைவர் என்னிடம், "என்ன செயலாளர், நீங்க போட்டுப் பார்த்தீங்களா? நல்லந்தானே?" என்றார்.

நான் நிறைய வாசிப்பவள். துணிவைப் பற்றிப் பெரியவர்கள் எழுதிய வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதே கையால் அன்று கூட்ட அறிக்கையில் எழுதினேன்: "கழகச் சப்பாத்து அணியாதோர் அணியில் இடம்பெறார் எனத் தீர்மானிக்கப்பட்டது." பின்னால் நின்று கண்டதைச் சொல்லவில்லை. கிறேஸ் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவருடைய இடத்துக்கு அடுத்த வேகமான பெண்ணைப் போட்டார்கள். அது நான்.

அஞ்சலோட்டத்தில் எங்கள் அணி கடைசிக்கு முந்தியது. என் பங்கின் பாதியிலேயே கணுக்காலுக்கு மேலே உட்பக்கத்தில் நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. தலைவர் தன் பங்கை நடந்து முடித்தார். ஆனால் படம் நன்றாக வந்தது: ஓடிய ஆறு பேரின் பன்னிரண்டு செம்மஞ்சள் கால்கள். அதைச் சட்டமிட்டு மண்டபத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்.

அதன் பிறகு கிறேஸ் அக்கா தனியே ஓடினார். நேரத்தையோ வீதியையோ மாற்றவில்லை. திசையை மட்டும் மாற்றினார். பாலத்திலிருந்து தொடங்கி எங்களுக்கு எதிரே வருவார். கழகம் கைபேசியைப் பார்க்கும். நான் வீதியைப் பார்ப்பேன். அவர் ஒவ்வொரு நாளும் ஒரு கையைக் கொஞ்சம் தூக்கிவிட்டுப் போவார். அலுவலகத்தில் என்னோடு வழமைபோலவே கதைத்தார். ஒரு தடவை மட்டும், என் மேசையைக் கடந்து போகையில் நின்று, "கால் எப்பிடி?" என்றார். "நோகுது," என்றேன். "அந்தச் சனம் தாற சப்பாத்தும் அந்தச் சனம் மாதிரித்தான். மெத்து மெத்தெண்டு இருக்கும். சாய்ஞ்சாப் பிடிக்காது," என்றார். கழகத்தைச் சொன்னாரா என்னையும் சேர்த்துச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

மரணவீட்டில் தலைவர் பேசினார். கிறேஸ் எங்கள் கழகத்தின் தூண் என்றார். இறுதிப் பயணத்திலும் கழகச் சப்பாத்தோடு போவது எங்களுக்குப் பெருமை என்றார். போதகர் தலையைக் குனிந்து நின்றார். கழகத்தார் செம்மஞ்சளில் வரிசையாக நின்றார்கள், தூண்கள் மாதிரி. அந்தத் தூணை நீங்களே ஒரு தீர்மானம் போட்டு வெளியே தள்ளினீர்கள் என்று சொல்ல அங்கே ஒருத்திக்குத் தெரியும். தீர்மானத்தின் கையெழுத்து அவளுடையது. அப்போதுதான் மேர்சி அக்கா திரும்பி என்னைக் கேட்டார். பெட்டியை மூடினார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் தூக்குக்குண்டு. மேசையை வெறுமையாக்கியபோது அலுவலகத்தார் என்னிடம் தந்தார்கள். வேறு யாரும் உரிமை கோரவில்லை. என் செம்மஞ்சள் சோடியை மேசையில் வைத்து, பின்னால் அதைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்துவிட்டன. யார் என்னிடம் "நல்லந்தானே" என்று கேட்டாலும் இப்போது முதலில் அந்த நூல்தான் கண்ணில் வருகிறது. அதனால் நான் துணிந்தவளாகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நூல் காட்டும், பேசாது.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் மேர்சி அக்கா பெரியகல்லாறிலிருந்து என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். துணிப்பையிலிருந்து சாம்பல் சோடியை எடுத்து என் மேசையில் வைத்தார். கழுவித் துடைத்திருந்தார். அடி இரண்டு பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தது.

"கட்டிலுக்குக் கீழ கிடந்தது. உன்ட அளவும் இதுதானாமே, அவ சொல்லியிருக்கா. உனக்குத் தருவம் எண்டு கொண்டு வந்தன்," என்றார். பிறகு அதைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு தேயத் தேயப் போட்டிருக்கா. இதத்தானே நாங்க போட்டு விட்டிருக்கோணும், என்ன ஆரணி?"

"ஓம் அக்கா," என்றேன். "மற்றது அவ வேணாமெண்டு திருப்பிக் குடுத்தது."

"உனக்கு அண்டைக்கே தெரியுமா?"

"தெரியும்."

மேர்சி அக்கா துணிப்பையின் வாயை விரித்தார். பிறகு சோடியைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போகும் கல்முனை பஸ் எடுக்கப் போய்விட்டார்.